பவளம் அக்கா வீட்டு டைமர்

யாழினி, கதிர், உங்களோடு இப்போது வேனில் ஏறத் தொடங்கியிருக்கும் புதுப் பிள்ளைகள், எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதிர் ஒன்று கேட்டான். புக்கிட் காத்திலில் இருக்கும் பவளம் அக்கா வீட்டு மீன் தொட்டிக்கு ஏன் இன்னும் அந்தப் பழைய திருகு டைமர், கைப்பேசியிலேயே இயக்குகிற புது விளக்கைப் போட்டால் என்ன என்றான். மத்தியானம் கழிந்து எரியத் தொடங்கி, ஊர் அடங்கிய பிறகு அணைகிற இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றும் கேட்டான். அதில் கை வைக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு நான் எழுந்துவிட்டேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். காரணம் சொல்லாமல் வேலை ஏவுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. வாயால் சொல்லலாம், ஆனால் பாதியில் யாருக்காவது போன் வந்துவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவன் நான். பிழை இருந்தால் யாழினி திருத்திக்கொள்ளட்டும்.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க தம்பி. ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார். எழுத மாட்டேன். அவர் அழவும் இல்லை.

அந்தத் தொட்டியை வைத்தவர் அவருடைய வீட்டுக்காரர் குணா அண்ணன். நான் பசார் மாலாம் இரவுச் சந்தையில் தொட்டிச் செடி விற்றுக்கொண்டிருந்த காலத்திலிருந்தே எனக்கு வாடிக்கை. பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எப்போதும் மத்தியான ஷிப்டுதான் கேட்டு வாங்குவார். ஒரு பொட்டலம் செடி வாங்க வந்தால் எல்லாப் பொட்டலத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வேரைப் பார்ப்பார், இலையைப் பார்க்க மாட்டார். அப்படிப்பட்டவர் தன் தொட்டியில் என்னைக் கை வைக்க விடுவாரா? அவர் இருந்தவரை நான் அந்த வீட்டுக்கு வேலையாகப் போனதே இல்லை. அவர் இறந்த பிறகுதான் அக்கா கூப்பிட்டார். துக்கத்துக்குப் போனவன், சில மாதம் கழித்து வாளியும் குழாயும் எடுத்துக்கொண்டு மறுபடி அதே வாசலில் போய் நின்றேன்.

குனிந்து தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் பாண்டான் இலைச் சாறு பிழிந்து விட்ட மாதிரி இருந்தது. மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணாடியோடு ஒட்டி நின்ற இலைகள் மட்டும் தெரிந்தன, அவற்றின் மேலும் முடி முடியாகப் பாசி. அண்ணன் ஆற்றோரத்தில் பொறுக்கி வந்த மரக்கட்டை ஒன்றும், அதைச் சுற்றி அவர் நட்ட கிரிப்டோ என்கிற நீர்ச்செடிகளும் உள்ளே இருக்கின்றன என்று அக்கா சொல்லித்தான் தெரிந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். செடிகள் இருந்தன. வேர் நன்றாகப் பிடித்திருந்தது. ஆனால் புது இலை என்று ஒன்றுகூட இல்லை.

அக்கா ஒன்றுதான் கேட்டார். "அவரு வச்ச செடி ஒண்ணையும் புடுங்காதீங்க தம்பி. தண்ணிய மட்டும் தெளிய வச்சிக் குடுங்க."

சரி என்று ஒத்துக்கொண்டேன். அப்போது அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

தண்ணீர் மாற்றினேன், ஃபில்டரைக் கழுவினேன், கண்ணாடியைச் சுரண்டினேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எழுதத் தேவையில்லை. அடுத்த முறை போனபோது தண்ணீர் மறுபடி பச்சை. முன்வாசல் கண்ணாடிக் கதவு வழியாக வெயில் விழுகிறதோ என்று திரை மாட்டச் சொன்னேன். மாட்டினார். பச்சை. தீனி அதிகமோ என்று குறைக்கச் சொன்னேன். குறைத்தார். பச்சை. விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று கேட்டேன். "அவரு எப்படி விட்டுட்டுப் போனாரோ அப்படியேதான் இருக்கு" என்றார். குணா அண்ணன் வைத்த கணக்கு தப்பாக இருக்காது என்று நான் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

ஒரு நாள் வாசலில் வேனை நிறுத்தி இறங்கும்போதே அக்கா சொன்னார். "நீங்க வர வரத்தான் தம்பி தண்ணி பச்சையாவுது. ஒரு மாசம் வராம இருந்து பாருங்களேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பேசிக்கொண்டே ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரியாகத் தூங்காதவர் மாதிரி கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

இந்த நேரத்தில்தான் அவருடைய மகன் தினேஷ் ஜொகூரிலிருந்து எனக்குப் போன் பண்ணினான். ஒரே பிள்ளை. அப்பாவுக்கு வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைய பேர் வருவார்கள். ஹாலில் அப்பா படத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பச்சைத் தொட்டி. அவன் கெட்ட பையன் இல்லை, அம்மாவை நினைத்துத்தான் பேசினான்.

"அங்கிள், அம்மா ராத்திரி பகலா அது முன்னாடியேதான் உக்காந்திருக்காங்க. பார்க்கவே கஷ்டமா இருக்கு. திதிக்கு முன்னாடி சரியாகலன்னா தூக்கிடலாம் லா. நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன்."

அவகாசம் கேட்டேன். அவனே ஒரு வழியும் சொன்னான். பழைய செடி எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, கடையிலிருந்து அதே மாதிரி செடி கொண்டுவந்து நட்டு, புதுத் தண்ணீர் விட்டுவிட்டால் என்ன? அந்த நேரம் பார்த்து அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக ஒரு சித்தியை ஏற்பாடு செய்கிறேன் என்றான். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது என்றும் சொன்னான்.

பிள்ளைகளே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும். திதி அன்று தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். மகனுக்கு நிம்மதி, அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்குப் பேர். செடியைக்கூட மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டேன், எதெல்லாம் கைவசம் இருக்கிறது, எதை வாங்க வேண்டும் என்று.

இரண்டு விஷயம் என்னைத் தடுத்தது. ஒன்று, அக்காவிடம் நான் சரி என்று சொல்லியிருந்தேன். இன்னொன்று தொழில் சம்பந்தப்பட்டது, அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் ஏன் பச்சையாகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாமல் புதுச் செடி நட்டால், புதுச் செடிக்கும் அதே கதிதான். திதிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போய், பந்தல் பிரித்து, மகனும் ஊருக்குப் போன பிறகு, அக்கா தனியாக உட்கார்ந்து அது மறுபடி பச்சையாவதைப் பார்ப்பார். அப்போது உள்ளே இருப்பது அண்ணன் வைத்த செடியாகவும் இருக்காது.

தினேஷிடம், திதிவரை பார்ப்போம், அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் நானே வந்து தூக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் பயம் வந்தது. பச்சைத் தண்ணீருக்கு நம் தொழிலில் கடைசி மருந்து என்ன? தொட்டியைச் சில நாள் முழுக்க மூடி இருட்டாக்குவது. நானும் அதற்குக் கறுப்புப் பிளாஸ்டிக் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஹாலில் அதை விரித்ததும் அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கறுப்பு வேணாம் தம்பி. இன்னும் வருஷம் திரும்பல."

 வருஷம் திரும்பாத வீட்டில், படத்துக்குப் பக்கத்தில், கறுப்பை விரித்து நிற்கிறேன். உடனே சுருட்டி வேனில் கொண்டுபோய்ப் போட்டேன். வேறு நிறத்துணி, தடிமனாக, நீலமோ மஞ்சளோ கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"எந்தக் கலரும் வேணாம். மூடவே வேணாம்" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேல் கேட்க முடியாத மாதிரி இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டாவது பதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு கூடாது என்றால் புரிகிறது. மஞ்சள் ஏன் கூடாது?

ஒரு வாரமாக வெயில் அடித்துவிட்டு ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை பெய்தது. மழை விட்டதும் கெல்காத்து, அதான் ஈசல், கிளம்பிவிட்டது. புதுப் பிள்ளைகளில் ஒருத்தர் கடற்கரைப் பக்கம் என்றீர்கள், உங்கள் பக்கம் எப்படியோ தெரியாது. எங்கள் தாமான் குடியிருப்பில் ஈசல் வந்தால் ஒரு வீட்டிலும் விளக்கு எரியாது. உங்கள் அம்மா எல்லாச் சுவிட்சையும் தட்டிவிட்டு, வாசல் விளக்கை மட்டும் போட்டு, அதற்கு அடியில் தண்ணீர்ப் பேசினை வைத்துவிடுவாள். ஈசல் அதில் விழுந்து ஓயும்வரை எல்லாரும் இருட்டில் உட்கார்ந்திருப்போம். நம் கடைத் தொட்டி விளக்குகளையும் அணைத்துவிடுவோம். இல்லையென்றால் மறுநாள் தொட்டி நிறைய இறக்கை மிதக்கும்.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு இறக்கை இல்லை. சமையலறையில் இல்லை. தொட்டியின் மேல்மூடியில் மட்டும் கூட்டி அள்ளுகிற அளவுக்குக் கிடந்தது. விளக்கைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, தண்ணீரின் மேல் ஏடு மாதிரி படர்ந்து, எல்லாம் இறக்கை.

நேற்று கெல்காத்து வந்ததா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். வந்தது, எல்லா லைட்டையும் அணைத்துவிட்டேன் என்றார்.

ஊரே விளக்கை அணைக்கிற நேரத்திலும் இந்த விளக்கு அணையவில்லை. அப்படியென்றால் இது எப்போதுதான் அணைகிறது?

அப்போதுதான் மற்றதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. நான் சுத்தம் செய்யும்போதெல்லாம், "லைட்ட அணைக்காதீங்க தம்பி, வெளிச்சத்துல பார்த்துச் செய்யுங்க" என்பார். என் கண்ணுக்காகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். எப்போது பார்த்தாலும் மீன்கள் நிறம் வெளுத்து, கட்டைக்கு அடியிலேயே பதுங்கி நின்றன. ராத்திரி பகலாக அம்மா அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று மகன் சொன்னதும் என் காதில் விழத்தான் செய்தது. பாசியைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததால் அது மனதில் பதியவில்லை.

விளக்கின் வயர் அலமாரிக்குப் பின்னால் போனது. ஃபில்டர் வயர் முன்பக்கம் இருந்ததால் அந்தப் பின்பக்கத்தை நான் எட்டிப் பார்த்ததே இல்லை. இப்போது கன்னத்தைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். டைமர் கழற்றப்பட்டுத் தரையில் தூசியோடு கிடந்தது. விளக்கு நேராகச் சுவரில் சொருகியிருந்தது. சுவிட்சு எரிகிற பக்கமாக இருக்க, அதன் மேல் குறுக்கே செலோடேப். டேப் மஞ்சள் பூத்திருந்தது. நேற்று ஒட்டியது இல்லை.

அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் பிள்ளைகளே. நோய் என்ன என்று தெரிந்துவிட்டது. ராப்பகல் வெளிச்சம். பாசிக்கு விருந்து, செடிக்கு ஓய்வே இல்லை. டேப்பைக் கிழித்து டைமரை மாட்டினால் வேலை முடிந்தது. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க" என்று ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. நல்ல வேளை, வெளியே வரவில்லை. ஒருத்தர் ஒரு சுவிட்சில் டேப் ஒட்டி வைக்கிறார் என்றால் தெரியாமல் செய்கிறார் என்று அர்த்தம் இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். அண்ணன் ஷிப்டு முடிந்து எப்போது வீட்டுக்கு வருவார் என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்று புரிந்துகொண்டார். பிறகு அவராகவே சொன்னார்.

தொழிற்சாலை பஸ் முச்சந்தியில் இறக்கிவிடும். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகத் தொட்டி வெளிச்சம் தெரியும். வாசல் விளக்கு கெட்டுப்போய் எத்தனையோ காலம், மாற்றச் சொன்னால், தொட்டி வெளிச்சம் போதாதா என்பாராம். வேலைக்குக் கிளம்பும்போது அவரே அதைப் போட்டுவிட்டுப் போவார். அன்றைக்கும் போட்டுவிட்டுத்தான் போனார். வேலை இடத்திலேயே விழுந்துவிட்டார். மருத்துவமனை, அங்கிருந்து வீடு, வீடு நிறைய ஆட்கள். யாரோ ஒரு பெரியம்மா வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அணைக்கப் போனாராம். அக்கா விடவில்லை. சின்னப் பிள்ளைகள் தட்டிவிடக் கூடாதென்று டேப் ஒட்டினார். அண்ணன் வரப் பிந்தினால் அணையட்டும் என்று மாட்டியிருந்த டைமர் தானாக அணைத்துவிடும் என்பதால் அதையும் கழற்றினார்.

"கருமாதி அன்னிக்குப் படத்துக்கிட்ட வச்ச விளக்கக் குளிர வச்சாங்க. இத யாரும் கேக்கல. நானும் சொல்லல. அவரு போட்ட லைட்டு தம்பி. அத நான் எப்படி அணைக்கிறது?"

 பாசியைப் பற்றிப் பேசுகிற இடமா அது? ஆனால் நான் அங்கே பாசிக்காகத்தான் போயிருக்கிறேன். திதி வருகிறது. விளக்கு அணையாவிட்டால் தொட்டியே போய்விடும். கொஞ்ச நேரம் தேத்தண்ணியைக் குடித்தேன். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும் அண்ணன் முதலில் என்ன செய்வார்?

"கை கால் கழுவுவாரு. மீனப் பார்ப்பாரு. தொட்டி லைட்ட அணைச்சிட்டுத்தான் சாப்பிட உக்காருவாரு."

சொல்லிவிட்டு அவரே தொட்டி விளக்கைத் திரும்பிப் பார்த்தார்.

நான் மெதுவாகச் சொன்னேன். "போட்டது மட்டும் இல்லக்கா, தினமும் அணைச்சதும் அண்ணன்தான். ரெண்டும் செஞ்சதாலதான் செடி வளந்துச்சு. அன்னையிலருந்து அதுங்க தூங்கவே இல்ல."

அவர் என் குவளையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "நான் அணைக்க மாட்டேன்" என்றார்.

"நீங்க அணைக்க வேணாம். அண்ணன் வர்ற நேரத்துக்கு டைமரை வைக்கிறேன்."

அக்கா எழுந்தார். அலமாரியை நகர்த்தச் சொன்னார். டேப்பை அவரே நகத்தால் கிளப்பி உரித்தார். நான் டைமரின் தூசியைத் துடைத்து மாட்டினேன். கதிர், உன் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அண்ணன் கிளம்புகிற நேரத்திலிருந்து திரும்புகிற நேரம்வரை விளக்கு எரிந்தால் அந்தத் தொட்டிக்கு அதிகம். அண்ணன் காலத்தில் செடி அடர்த்தியாக இருந்தது, தாங்கியது. டைமர் மாட்டிய அந்த நாளில் தாங்காது. குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அணைகிற நேரத்தைத் தொட முடியாது. அதனால் எரியத் தொடங்குகிற பக்கத்தில் வெட்டினேன். போடுகிற நேரம் தள்ளிப்போனால் பரவாயில்லை. அணைகிற நேரம் பஸ் வருகிற நேரம்.

மறுநாள் காலை அக்காவே போன் பண்ணினார். "பஸ்சு போற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல லைட்டு அணைஞ்சிச்சு. நானும் போய்ப் படுத்துட்டேன். காலையிலதான் முழிச்சேன்." அவ்வளவுதான் சொன்னார்.

உடனே எல்லாம் நேராகிவிடவில்லை. தண்ணீர் மெதுவாகத்தான் தெளிந்தது. முடிப்பாசியைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி எடுத்தேன். நடுவில் கிரிப்டோ செடிகள் இலையெல்லாம் கரைத்துப் போட்டுவிட்டன. நிலைமை மாறினால் அது அப்படித்தான் செய்யும், நல்லதற்கு மாறினாலும் செய்யும். வேரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவிடம், பிடுங்க வேண்டாம், காத்திருப்போம் என்றேன். அவருக்குச் சொன்னேனோ எனக்கே சொல்லிக்கொண்டேனோ.

திதி அன்று தொட்டி கண்ணாடி மாதிரி இல்லை. தண்ணீர் தெளிவு. கட்டை தெரிந்தது. மீன்கள் நிறம் பிடித்து நடுவில் நீந்தின. செடிகள் மட்டும் மொட்டையாக, அடியில் குருத்து விட்டு நின்றன. தினேஷ் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், செடி எல்லாம் இப்படி இருக்கு?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா இலை போட்டுக்கொண்டே சொன்னார்.

"இப்பத்தான் தூங்கி எழுந்திருக்கு. வளரும்."

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். தொட்டியைத் தூக்குகிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

செடி கிட்டத்தட்ட பழைய அடர்த்திக்கு வந்துவிட்டது, நீங்களே பார்க்கிறீர்கள். இனி அந்த வீடு உங்கள் பொறுப்பு. ஒரு தொட்டி கெட்டுப்போனால் நீங்கள் அங்கே இல்லாத நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கேட்கிற விதத்தில் கேளுங்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வேலைக் குறிப்பு மட்டும் பாக்கி. அந்த டைமர் பழையது, ஆனால் அண்ணன் மாட்டியது, அதனால்தான் புதிது போடவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்தால் அது நின்று நின்று ஓடிப் பின்தங்கி, விளக்கு பிந்தித்தான் அணையும். போன மழைக்காலத்தில் அப்படித்தான் ஒரு நாள் அக்கா போன் பண்ணி, "தம்பி, அண்ணன் நேத்து லேட்டு. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது, ஆனாலும் நான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்த் திருகிவிட்டு வந்தேன்.

புக்கிட் காத்தில் பக்கம் கரண்ட் போனதாகக் கேள்விப்பட்டால், அவர் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, பஸ் வருவதற்குள் போய்விடுங்கள்.